காட்ட ஒன்றுமில்லாத தட்டு

எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் என்பது தியேட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிற காரியம் அல்ல. எடுத்ததை வெளியே கொண்டுவந்து காட்ட வேண்டும். பித்தப்பையோ குடல்வாலோ கழுத்துக் கட்டியோ, எதுவானாலும் ஸ்டீல் தட்டில் வைத்து, பச்சைத் துணியால் மூடி, தியேட்டர் வாசலில் காத்து நிற்கிற சொந்தக்காரர்கள் முன்னால் திறந்து காட்டினால்தான் ஆபரேஷன் நடந்ததாக அர்த்தம். காட்டாமல் விட்டால் ஊர் போய்ச் சேரும்வரை சந்தேகம்தான்.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவை நான் பல வருடம் நடத்தினேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். அந்த வேலையை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த வாசல்தான். ஒரு நோயாளிக்கு ஒரு கூட்டம். பெண்டாட்டி, அவளுடைய அண்ணன் தம்பிகள், பக்கத்து வயல்காரர், 'சும்மா துணைக்கு வந்தேன்' என்று ஒருவர், பஸ்ஸில் பார்த்துப் பேசிக் கூடவே இறங்கிவிட்ட இன்னொருவர். தட்டின் துணியை எங்கள் தியேட்டர் சிஸ்டர் விலக்கியதும் கூட்டத்தில் இருந்து ஒரு மாமா முன்னால் வருவார். எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒரு மாமா உண்டு. வியாபாரி உள்ளங்கையில் நெல்லைக் கொட்டிப் பார்ப்பதைப் போலக் குனிந்து பார்த்து, "இது எத்தன வருசமா உள்ள இருந்திருக்கும் டாக்டரம்மா?" என்பார். நான் விளக்கம் சொல்ல வேண்டும். கடைசியில் அவரே, "சரிங்க, மூடிருங்க" என்று உத்தரவு கொடுப்பார். அதற்குப் பிறகுதான் நான் தட்டோடு உள்ளே போகலாம்.

பித்தக் கற்களை மட்டும் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்துவிடுவோம். அவை வீட்டு ஷோகேஸில், வேளாங்கண்ணி மாதா சிலைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கும். ஒரு வீட்டில் கொலுப்படியிலேயே வைத்துவிட்டார்கள் என்று எங்கள் சிஸ்டர் அடித்துச் சொல்வார். பொறையாறு பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் அவர். கொலுவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை.

எனக்கு இந்தக் காட்டல் வைபவமே பிடிக்காது. "இது என்ன பொருட்காட்சியா? வழிய விட்டு நகருங்க" என்று கத்துவேன். யாரும் நகர மாட்டார்கள். டாக்டரம்மாவுக்கு இன்றைக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ என்று பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்கள்.

கொரோனா வந்தது. வாசல் காலியானது.

வார்டுகளை எல்லாம் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டோம். பிரிவின் இளம் டாக்டர்களும் அங்கேயே போய்விட்டார்கள். எங்களுக்கென்று மிஞ்சியது பழைய கட்டடத்தில் ஒரு தியேட்டர். கிருமி சுற்றும் என்று ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிவிட்டதால், தஞ்சாவூர் வெயிலில் பிளாஸ்டிக் உடைக்குள் நாங்கள் இட்லி மாதிரி வெந்தோம். பிரிவை நடத்துவது என்றால் அந்த நாட்களில் முக்கால்வாசி நேரம் போனில் 'இப்ப வேணாம், அப்புறம் பாக்கலாம்' என்று சொல்வதுதான். வெட்டித் தைக்கப் படித்தவள் நான். ஆளைத் தள்ளிப்போடுவது எனக்கு வராத வேலை. ஒவ்வொரு போனையும் வைத்துவிட்டு யார் மேலாவது எரிந்து விழுவேன்.

எரிந்து விழுவதற்கு என்று இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் சிஸ்டர். இன்னொருவர் மயக்க மருந்து டாக்டர், கூத்தாநல்லூர்க்காரர். வீட்டில் வயதான வாப்பாவும் உம்மாவும் இருந்ததால் ஊருக்கே போகாமல் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் கிடந்தார். காலையில் வந்ததும் மூன்று பேரும் முதலில் செய்கிற காரியம் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு தடவை மோந்து பார்ப்பது. வாசனை தெரிந்தால் இன்றைக்கு வேலை உண்டு. "தெரியுது", "தெரியுது", "கொஞ்சம் சிக்கரி ஜாஸ்தி" என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் உடை மாற்றப் போவோம். மத்தியானம் பின்பக்க வேப்பமரத்தடியில் மூன்று நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுச் சாப்பிடுவோம். சிஸ்டர் கொண்டுவரும் ரசத்துக்காக இரண்டு டாக்டர்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

அந்தப் பிளாஸ்டிக் உடையைப் போட்டுக்கொண்டால் யார் யாரென்று தெரியாது. அதனால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வது எல்லா இடத்திலும் வழக்கம். எங்களுக்கு எழுதுகிற பொறுப்பு சிஸ்டருடையது. மயக்க டாக்டர் முதுகில் 'தூக்கம்' என்று எழுதினார். என் முதுகில் என்ன எழுதியிருந்தார் என்பது எனக்கே பல நாள் தெரியாது. ஒரு நோயாளி படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நோயாளியின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

திருவையாற்றுக்கு அந்தப் பக்கம், குடமுருட்டிப் பாசனத்தில் குத்தகைக்கு நிலம் வைத்திருந்த ஒரு விவசாயி. நெல் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பில் குடல் இறங்கியிருந்தது. எங்கள் பிரிவில் குடலிறக்க ஆபரேஷனுக்கும் நெல்லுக்கும் ஒரே காலண்டர். சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆண்கள் வார்டு நிரம்பும். இவரோ அதிலும் வராத ரகம். ஒவ்வொரு வருடமும் வந்து காட்டுவார், "அறுப்பு முடியட்டும் டாக்டரம்மா" என்பார். அறுப்பு முடிந்தால் உளுந்து, உளுந்து முடிந்தால் கோடை உழவு, அப்புறம் நாற்றங்கால். இறங்கிய குடலைக் கையால் உள்ளே தள்ளி, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிடுவார்.

கடைசியில் ஒரு வருடம் அறுப்பு முடிந்து, நிஜமாகவே பையோடு வந்து நின்றார். லுங்கி, சோப்பு, தட்டு, பிளாஸ்க், கூடவே பெண்டாட்டி. அந்த வாரம்தான் அவசர ஆபரேஷன் தவிர எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"என் அறுப்ப முடிச்சுட்டு வந்தா, நீங்க உங்க அறுப்ப நிறுத்திட்டீங்களா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இவர இங்க கூட்டிட்டு வர்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தாங்க தெரியும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

அதே வருடம், ஆற்றில் தண்ணீர் வந்து குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் அதே மனிதரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். முந்தின நாளிலிருந்து வாந்தி. இறங்கிய குடல் இந்த முறை கைக்கு அடங்கவில்லை. இடுப்பு வீங்கி, கல்லாக இறுகி, தொட்டால் துடித்தார். குடல் வெளியே மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. பரிசோதனை செய்ததில் கொரோனாவும் இருந்தது. பெண்டாட்டியை ஆஸ்பத்திரி கேட்டோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிலைமை இதுதான். குடல் பிழைத்திருந்தால் சின்ன ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும். செத்திருந்தால் வயிற்றைத் திறந்து, அந்தத் துண்டை வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அதற்கு முழு மயக்கம், தொண்டையில் குழாய். கொரோனா இருக்கிறவருக்கு அந்தக் குழாயைப் போட்டால் திரும்ப எடுக்க முடியுமா என்பது அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது. எடுக்க முடியாமல் போனவர்களை நாங்கள் பார்த்திருந்தோம்.

"முதுகுலயே போட்டு ஆரம்பிப்போம் மேடம். மத்தது உள்ள பாத்துட்டு" என்றார் மயக்க டாக்டர். அவர் யாருக்கு ஊசி போட்டாலும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடுவார். அவர் கேட்கிற கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்.

"உங்க ஊருக்கு எந்த ஆத்துப் பாசனம்?"

"குடமுருட்டிங்க. வாய்க்கால்ல நாங்கதான் கடைசி" என்றார் விவசாயி, குனிந்து உட்கார்ந்தபடி. "நாளைக்குத் தண்ணி நம்ம முறைங்க. நாத்தங்காலு காஞ்சு கெடக்கு. சாயந்திரம் வுட்டுருவீங்களா?"

ஊசி இறங்கிவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை.

நான் விளக்கைச் சரிசெய்யத் திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "மொளகாயா? டாக்டரம்மா முதுகுல ஏன் மொளகான்னு எழுதியிருக்கு?"

சிஸ்டர் கருவிகளை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார். மயக்க டாக்டரின் தோள் மட்டும் குலுங்கியது.

திறந்தேன். இறுக்கிக்கொண்டிருந்த வளையத்தை வெட்டி விட்டதும் குடல் கைக்கு வந்தது. நாவல்பழ நிறம். உடனே முடிவெடுக்கிற நிறம் அல்ல அது. செத்தும் இருக்கலாம், மூச்சு முட்டிக் கிடக்கவும் செய்யலாம். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பிழைக்கிற குடல் மெல்லச் சிவந்து வரும், தானாக நெளியும்.

காத்திருந்தேன். துணியை விலக்கினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நிஜமாகவே தெரியவில்லை. வியர்வை ஆவியாகிப் பாதுகாப்புக் கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது. எதிரே சிஸ்டர் ஒரு நீலப் புகை, குடல் ஒரு கருத்த புகை. கண்ணாடியைத் தொடக் கூடாது. கழற்றவும் கூடாது. இத்தனை வருடம் நிறம் பார்த்தே முடிவெடுத்தவளுக்கு நிறமே இல்லாமல் போய்விட்டது. சிஸ்டரைக் கேட்டேன், அவருக்கும் புகைதான். எனக்குப் பயமாக இருந்தது. வெட்டிவிட்டால் நிச்சயம், வெட்டாமல் விட்டு உள்ளே அழுகினால் அவர் போய்விடுவார். வெட்டினால் அந்தக் குழாய்.

தலைமாட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"மேல்மடைக்காரன் முறைய மாத்தி எடுத்துருவான் சார். நான் இல்லன்னா அவனுக்குத் திருவிழா."

"வீட்டுல யாராவது போயி நிக்க மாட்டாங்களா?"

"அவ போவா. ஆனா அவளுக்குச் சண்டை போட வராது. எங்கிட்ட மட்டுந்தான் போடுவா."

"எவ்வளவு நேரம் மேடம்?" என்று மயக்க டாக்டர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். தேவைப்பட்டால் முழு மயக்கம் கொடுக்க எல்லாம் தயாராக எடுத்து வைத்துவிட்டுத்தான் பாசனம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"இன்னும் கொஞ்சம். பேசிட்டே இருங்க" என்றேன்.

புதுத் துணி சுற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் மடிப்பில் விரலை வைத்தேன். இரண்டு கையுறைக்கு மேல் என்ன தெரியும்? என் விரலின் துடிப்பே எனக்குத் திரும்பி வருகிறதோ என்று விரலை எடுத்து எடுத்து வைத்தேன். இருக்கிறது போல இருந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை கண்ணாடியின் உட்பக்கமாக வழிந்து இறங்கியது. அது போன வழியில் பனி விலகி, ஒரு கோடு அகலத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. தலையைச் சாய்த்து அந்தக் கோட்டைக் குடலுக்கு நேராகக் கொண்டுவந்தேன்.

சிவந்திருந்தது. விரலால் மெல்லச் சுண்டினேன். நெளிந்தது. கோட்டுக்குள் வந்து, கோட்டைத் தாண்டிப் போயிற்று. இன்னொரு தடவை சுண்டினேன், இன்னொரு தடவையும் நெளிந்தது.

"ஓடுது" என்றேன்.

"தண்ணி வந்துருச்சு ஐயா" என்று மயக்க டாக்டர் அந்த மனிதரிடம் சொன்னார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க?" என்றார்.

தைத்து முடித்ததும் வழக்கப்படி சிஸ்டர் ஸ்டீல் தட்டை எடுத்தார். பழக்க தோஷம். தட்டில் வைக்க ஒன்றுமில்லை, வாசலில் யாரும் இல்லை. காலித் தட்டைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கூட்டம் அங்கே நிற்கக் கூடாதா என்று இருந்தது. அந்த மாமா வந்து என்னை நாலு முட்டாள்தனமான கேள்வி கேட்கக் கூடாதா?

உடையை மாற்றிக்கொண்டு, பிரிவின் செல்போனில் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். நல்ல செய்தியைச் சொல்கிற உற்சாகத்தில் இருந்தேன்.

"அம்மா, ஆபரேஷன் முடிஞ்சுதும்மா. ஒண்ணும் எடுக்கல. அப்படியே உள்ள வச்சுத் தச்சு மூடிட்டோம்."

"மூடிட்டீங்களா?" என்று ஒரு குரல். அப்புறம் ஒரு ஓலம் எழுந்தது. அதன் பின்னால் மகளோ யாரோ இன்னொரு ஓலம்.

'தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க.' எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே முற்றிப்போயிருந்தது, டாக்டர் கையை விரித்துவிட்டார், வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைச் செய்து கொடுங்கள். எடுத்ததைக் காட்டுகிற ஊரில், எடுக்கவில்லை என்றால் ஆள் இல்லை.

"அழாதீங்கம்மா! நல்லா இருக்காரு!"

"எங்கப்பாவுக்கும் இப்படித்தாங்க சொன்னாங்க… நல்லா இருக்காரு, கூட்டிட்டுப் போங்கன்னு…"

"இவருக்கு எடுக்கவே வேண்டியதில்லம்மா!"

"அப்ப எடுத்ததக் காட்டுங்க!"

"எடுக்கவே இல்லங்கிறேன்!"

"ஐயோ…"

எனக்குக் கோபம் வந்து நான் கத்த, கத்துவதைக் கேட்டு அந்தப் பக்கம் அழுகை கூட, சிஸ்டர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அவருக்கு மட்டும் பிடிபட்டிருந்தது. இந்த அம்மாவை எந்த டாக்டராலும் நம்பவைக்க முடியாது. போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மறுபடி உடை மாட்டிக்கொண்டு, ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் அறைக்குள் போய், ஸ்பீக்கரை அழுத்தி அந்த மனிதரின் காதோரம் பிடித்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"யாரு செத்தா? என்னத்துக்கு இப்படி அழுவுற?" என்றார் அவர்.

ஓலம் பாதியில் நின்றது.

"மடைக்கு ஆளு சொல்லிட்டியா, இல்லியா?"

"தெருவயே தகரம் வச்சு அடைச்சுட்டாங்க. வாசல விட்டு எறங்கக் கூடாதாம். நான் எங்க போயி ஆளு சொல்ல? பக்கத்து வயக்காரரே தகரத்துக்கு அப்பால நின்னு, நான் பாத்துக்கிறேன்னுட்டாரு."

"யாரு, அந்த ஆளா? பாதித் தண்ணிய அவன் வயலுக்குத் திருப்பிக்குவான். ஒன்ன நம்பி ஒரு நாளு படுக்க முடியுதா? ஒனக்கெல்லாம்…"

மூன்று நிமிடமோ நாலு நிமிடமோ நிறுத்தாமல் வைதார். கால் இரண்டும் இன்னும் மரத்துக் கிடந்தன. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மூச்சு விட அவர் நிறுத்திய இடத்தில் அந்த அம்மாவின் குரல் வந்தது. எங்களிடம் சொன்னாரா, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாரா தெரியாது.

"அவருதான். அவரேதாங்க."

இப்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. தியேட்டரில் ஏ.சி. ஓடுகிறது. வாசலில் கூட்டம் நிற்பதாகப் பிரிவின் புதுத் தலைவர் போனில் அலுத்துக்கொள்கிறார். மயக்க டாக்டர் சொந்த ஊரிலேயே ஆஸ்பத்திரி வைத்துவிட்டார். சிஸ்டர் பொறையாற்றில் பேரனோடு இருக்கிறார். எத்தனை பேரை இழந்த காலம் அது, அதற்காக ஏங்கலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வதுண்டு. ஏங்கத்தான் செய்கிறேன். காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தால் இன்றும் ஒரு தடவை மோந்து பார்த்து, 'தெரியுது' என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த மனிதர் கொரோனாவும் குணமாகி வீட்டுக்குப் புறப்பட்ட நாளோடு முடிக்கிறேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். போகாமல் தயங்கினார்.

"என்னங்க?" என்றேன்.

"ஊர்ல எல்லாரும் என்னத்தக் காட்டுனாங்கன்னு கேப்பாங்க டாக்டரம்மா. அவளும் கேட்டாண்ட நிக்கிறா. எனக்குன்னு காட்ட ஒண்ணுமே இல்லையா?"

எனக்கு என்ன தோன்றியதோ, வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். "வாங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன். அங்கே உள்ளே வரக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் ஒரு குட்டியானை சரக்கு வண்டி; அதன் பக்கத்தில் அந்த அம்மா, மகள், பக்கத்து வயல்காரர், இன்னும் இரண்டு பேர். தியேட்டர் வாசலில் நிற்பதைப் போலவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நகருங்க என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அவர் தோளைப் பிடித்துக் கயிற்றுக்கு முன்னால் நிறுத்தினேன். தட்டைக் காட்டும்போது சொல்வேனே, அதே குரலில் சொன்னேன்.

"பாத்துக்கங்க. இதான்."

அந்த அம்மா தலையிலிருந்து கால்வரை பார்த்தார். திருப்தி இல்லை.

"மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க."

அவர் மாஸ்க்கை இறக்கினார். கன்னம் ஒட்டி, வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவரைப் போல அசையாமல் நின்றார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"சரிங்க" என்றார் அந்த அம்மா கடைசியில். "மூடிக்கச் சொல்லுங்க."

அவர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு கயிற்றுக்கு அடியில் குனிந்து போனார். வழக்கமாக நான் காட்டியதைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அன்றைக்கு அவர்களிடமே விட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.